பன்னிரண்டு மூடிகள்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. சூடம் அணைத்துச் சத்தியம் செய்து இதைச் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். கோடியக்கரைக் கொசு ஒன்று வனக்காவலர் காத்தமுத்துவின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய் இலங்கைக் கரையில் போட்டதைச் சொன்னபோதும் யாரும் நம்பவில்லை. தொப்பி இன்றுவரை திரும்பவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

என் பெயர் சிவக்கொழுந்து. வேதாரண்யம் சாலையில் இருக்கும் வனவிலங்கு நுண்ணுயிர் ஆய்வகத்துக்கு இருபத்தேழு வருடமாக நான்தான் அச்சாணி. சம்பளப் பட்டியலில் 'ஆய்வக உதவியாளர்' என்று இருக்கும். அது எழுத்துப் பிழை. நான் ஒரு நாள் லீவு போட்டால் இங்கே பாக்டீரியாக்கள் வளர மறுத்துவிடும், சில அழும்.

என் அக்கா மகள் பூங்கோதை மூன்று வருடமாக இதே ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவி. காட்டு விலங்கின் மூக்கைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, அதற்குள் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. சென்ற வருடம் பிப்ரவரியில், ஒரு வெளிமானின் துடைப்பை வளர்த்த தட்டில், உலகத்தில் இதுவரை எவருக்கும் அறிமுகமாகாத ஒரு பாக்டீரியா அவளுக்குக் கிடைத்தது. ஆட்டு ரத்தம் கலந்த அகார் கூழ் ஊற்றிய தட்டில் பனித்துளி மாதிரி வளரும். நடுவில் ஊசியால் குத்தியது போல ஒரு பள்ளம். மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள், தெரிந்த எந்தக் குடும்பத்தோடும் பொருந்தவில்லை. புது இனம். 'வெளிமானுடையது' என்று பொருள் வருகிற ஒரு லத்தீன் பெயரை கோதை அதற்கு வைத்திருக்கிறாள். நான் அவரைச் சின்னத்துரை என்று கூப்பிடுகிறேன்.

வாரம் ஒருமுறை சின்னத்துரையைப் பழைய தட்டிலிருந்து புதுத் தட்டுக்குக் குடிமாற்றுவது என் பொறுப்பு. இன்று மாற்றினேன். சௌக்கியமாக இருக்கிறார்.

இதைப் பற்றி கோதை எழுதி அனுப்பிய கட்டுரைக்கு ஆய்வுப் பத்திரிகையிலிருந்து பதில் வந்துவிட்டதாம். நாளைக்கு விவரம்.

ஜூன் 4, செவ்வாய்

ஒரு மானிடம் ஒருமுறை கிடைத்தது போதாது, இன்னொரு வெளிமானிடமிருந்தும் எடுத்துக் காட்டு என்கிறார்கள். ஆகஸ்ட் 5 வரை நேரம். கட்டுரை அச்சானால்தான் கோதை ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். அவளுடைய உதவித்தொகை ஆகஸ்ட் மாதத்தோடு நிற்கிறது.

"கிடைச்சிடும்ல மாமா?"

"கிடைக்காம? இந்தக் காட்டுல ஒவ்வொரு மானுக்கும் நான்தான் பேர் வச்சேன். கூப்பிட்டா வரிசையில வந்து மூக்க நீட்டும்."

சிரித்தாள். பிறகு சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "பேரு ஒரு தடவ முறைப்படி அச்சேறிடுச்சுன்னா அவ்வளவுதான் மாமா. பின்னாடி யாராச்சும் இந்தப் பேரு பொருந்தலையேன்னு சொன்னாக்கூட மாத்த மாட்டாங்க. விதியே அப்படித்தான்."

"எத்தன வருசத்துக்கு?"

"உலகம் இருக்கற வரைக்கும்."

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். பசி இல்லை. வெயில் அப்படி.

ஜூன் 8, சனி

உயிரோடு இருக்கும் மானைப் பிடித்து மூக்கைத் துடைக்க இப்போது அனுமதி இல்லை. எங்கேயோ வெளிநாட்டில் செய்த ஒரு வழியை கோதை படித்துவிட்டு வந்தாள். சுத்தம் செய்த பருத்திக் கயிற்றை உப்பில் ஊறவைத்துத் தண்ணீர் இருக்கும் இடத்தில் கட்ட வேண்டும். விலங்கு வந்து நக்கும். கயிற்றைப் பிழிந்தால் எச்சில். எச்சிலில் சின்னத்துரை.

நாற்பது கயிறு வேகவைத்துக் கொடுத்தேன். நாலாயிரம் என்று யாராவது கேள்விப்பட்டால் மறுக்க வேண்டாம்.

ஜூன் 11, செவ்வாய்

மூன்று நாளாக ஒரு மானும் கயிற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. காத்தமுத்து பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னான்: "ஏம்மா, சுத்தி பத்து மைலுக்கு உப்பளம். காத்துல உப்பு, புல்லுல உப்பு, என் மீசைல உப்பு. இதுக்கிட்டப் போயி உப்பக் காட்டுறியே, அது உன்ன என்னன்னு நெனைக்கும்?"

கோதை இத்தனை வருடம் படித்த படிப்பு அந்த இடத்தில் தலை குனிந்தது. என்னுடையதையும் சேர்த்துச் சொல்கிறேன், நான் ஏழாவது வரை. நாளையிலிருந்து பனைவெல்லம்.

ஜூன் 12, புதன்

இன்று எழுத ஒன்றும் இல்லை. பக்கம் வீணாகக் கூடாதே என்று, அந்தப் பிப்ரவரி 20ஆம் தேதி நடந்த ஒரு அற்ப விஷயத்தை எழுதி வைக்கிறேன்.

அன்று கோதைக்குக் காய்ச்சல். பன்னிரண்டு மூக்குத் துடைப்புகள் வந்திருந்தன. நாய் கடித்து வனத்துறைக் கொட்டகையில் மருந்து போட்டுக்கொண்டிருந்த மான்கள் ஆறு. தடுப்பூசிக்காகப் பிடித்த மட்டக்குதிரைகள் ஆறு. கோடியக்கரையில் எந்தக் காலத்திலோ யாரோ விட்டுப் போய்க் காட்டிலேயே பெருகின குதிரைகள் இவை. துடைப்புகள் காத்திருக்காது என்பதால் நானே தட்டுகளை எடுத்து, மான் ஆறு ஒரு வரிசை, குதிரை ஆறு ஒரு வரிசை என்று வைத்து, அந்தந்தக் குச்சியால் அந்தந்தத் தட்டில் கோடிழுத்தேன்.

அடையாளத்தைத் தட்டின் அடியில்தான் எழுத வேண்டும். மூடி கழலும், அடி கழலாது. இங்கே சேர்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவன் நான். அன்று தட்டுகள் ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் வந்தவை. அடியெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மார்க்கர் பேனா வழுக்கியது. மூடியில் எழுதினேன்.

கோடிழுத்து முடித்துப் பார்த்தால் மூடிக்குள்ளும் ஈரம். அது சொட்டினால் எல்லாம் கெட்டுவிடும். பன்னிரண்டு மூடிகளையும் கழற்றி, உட்புறம் மேலே தெரிகிற மாதிரி ஒரு டிரேயில் இரண்டு வரிசையாக வைத்து, ஜன்னல் ஓரம் கொண்டுபோய்த் துடைத்தேன். எழுத்து அடிப்பக்கம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து டைரக்டர் சார் கூப்பிட்டார், சிலிண்டர் வந்திருக்கிறது, கையெழுத்துப் போடு என்று. போட்டேன். வந்தேன். டிரேயை எடுத்து வந்து, கிட்டே இருந்த வரிசையைக் கிட்டேயும் தூர இருந்ததைத் தூரத்திலும் மூடினேன். மூடின பிறகு படித்தேன். எனக்குக் கிட்டே மான், தூரத்தில் குதிரை.

கோடிழுக்கும்போது எது கிட்டே இருந்தது?

டிரேயை எடுக்கும்போது திருப்பியிருப்பேனா? திருப்பியிருந்தால் குதிரைத் தட்டுக்கு மான் மூடி.

இப்படி ஒரு சின்ன சந்தேகம். சரியாகத்தான் இருக்கும். இருபத்தேழு வருட அனுபவம் உள்ள கைக்குத் தானாகவே திசை தெரியும்.

ஜூன் 13, வியாழன்

கயிறு வேகவைத்தேன். பாத்திரம் கழுவினேன்.

ஜூன் 20, வியாழன்

பனைவெல்லம் வேலை செய்கிறது. மான் வருகிறது, நக்குகிறது. ஒரு ஆண் மான் கயிற்றை நக்கிய ருசியில் அப்படியே ஒரு தாவு தாவி யாழ்ப்பாணத்தில் இறங்கி, அங்கே பனைவெல்லம் சுமார் என்று சொல்லித் திரும்பி வந்ததை நானும் காத்தமுத்துவும் பார்த்தோம். காத்தமுத்து ஒப்புக்கொள்ள மாட்டான்.

தொல்லை என்னவென்றால் வெல்லத்துக்குக் குதிரைகளும் வருகின்றன. கோதை எனக்கு ஒரு மூங்கில் கழி கொடுத்திருக்கிறாள். "மாமா, உங்க வேலை இது மட்டுந்தான். குதிர கயித்துக்கிட்ட வரக் கூடாது. வந்தா வெரட்டுங்க. ஒரு நக்கு நக்கிட்டாலும் அந்தக் கயிறு குப்பை."

கயிற்றுக்கு ஒரு படிவம். கட்டிய நேரம், அவிழ்த்த நேரம், நக்கிய விலங்கு, பார்த்தவர் கையொப்பம்.

இன்று ஏழு குதிரைகளை விரட்டினேன். ஒன்று, செம்மண் நிறப் பெட்டை, ஒரு காது கிழிந்தது, போகாமல் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. மூக்கிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. கழியை ஓங்கினேன். போய்விட்டது.

ஜூலை 1, திங்கள்

மானின் கயிறு இதுவரை முப்பத்தொன்று. சின்னத்துரை எதிலும் இல்லை.

கோதை தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுக் கீழே வைக்கிற சத்தம் ஒரே மாதிரி இருக்கிறது. முன்பு வைக்கும்போது "சரி, அடுத்தது" என்பாள். இப்போது நேராக அடுத்ததை எடுக்கிறாள்.

ஜூலை 2, செவ்வாய்

முப்பத்து நான்கு. இல்லை.

ஜூலை 6, சனி

டீ குடிக்கும்போது, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "ஏம்மா கோதை, குதிரையையும் ஒரு பார்வை பார்த்தா என்ன?"

"பார்த்தாச்சே மாமா. நீங்கதான் கோடிழுத்தீங்க. ஆறு குதிர, ஒண்ணுலயும் இல்ல."

"ஆறுதானே. ஏழாவதுல இருக்கலாம்ல."

"இருக்கற ஒரு மாசத்த அதுல எப்படி மாமா செலவு பண்றது? நம்மகிட்ட இருக்கற ஆதாரம் மான்தான்." டம்ளரை வைத்துவிட்டு நெற்றியை அழுத்திக்கொண்டாள். "நான் என்ன தப்பு பண்றேன்னே தெரியல."

டீ ஆறிப்போயிருந்தது. இந்தக் கடையில் இப்போதெல்லாம் சூடாகத் தருவதில்லை.

ஜூலை 9, செவ்வாய்

அக்கா போன் செய்தாள். "அவ ராவுல சரியாத் தூங்குறதில்லடா. நீ கூடத்தானே இருக்க, என்னன்னு பாரு." பார்க்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சின்னத்துரையைக் குடிமாற்றினேன்.

ஜூலை 11, வியாழன்

இன்றுதான் சரித்திரம். கோதையும் காத்தமுத்துவும் ஏரிப் பக்கம் போய்விட்டார்கள். நான் தனியாகக் கலங்கரை விளக்கத்துப் புல்வெளியில் ஒரு கயிற்றுக்குக் காவல். காலை எட்டு மணி. காற்று என்றால் அப்படிக் காற்று, என் நிழலே இரண்டு தடவை பறந்துபோய்ப் பனைமரத்தில் மாட்டிக்கொண்டது.

அப்போது கடலில் ஒரு திமிங்கலம் எழும்பியது. சாதாரணத் திமிங்கலம் இல்லை, அதன் முதுகில் ஒரு தென்னந்தோப்பு, தோப்புக்குள் ஒரு டீக்கடை, கடையில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. இப்படி ஒன்று வரும்போது மனிதன் எந்தப் பக்கம் பார்ப்பான்? கடலைத்தான் பார்த்தேன். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் இருக்கும். கழி கையில் இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது கயிறு ஈரமாக இருந்தது. புல்லில் குளம்படி இருந்தது. மானுக்கும் குளம்பு உண்டு.

படிவத்தில் எழுதினேன். நக்கிய விலங்கு: வெளிமான். பார்த்தவர்: சிவக்கொழுந்து. கையெழுத்து கோணலாக விழுந்தது. காற்று.

ஜூலை 13, சனி

காலையில் கோதை கத்திய கத்தலில் டைரக்டர் சாரின் அறையில் மின்விசிறி நின்றுவிட்டது. பனித்துளி. நடுவில் ஊசி குத்தின பள்ளம். ஒன்றல்ல, பதினாறு.

"மாமா, எந்தக் கயிறு இது? கலங்கரை விளக்கம். நீங்க பார்த்தது. மான்தானே?"

"மானா அது? மானுக்கெல்லாம் பாட்டன். கொம்பு மேகத்துல இடிச்சுது."

"உங்கள என்ன சொல்றது மாமா!" என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு படிவத்தைத் தேடி எடுத்துக் கட்டுரைக் கோப்பில் வைத்தாள்.

நாற்பத்தொரு கயிற்றில் இல்லாதது ஒரே ஒரு கயிற்றில் இருந்தது. அது எந்தக் கயிறு என்பதை யோசித்தால், பிப்ரவரியில் டிரே எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்ற சந்தேகமும் மிச்சமில்லை. யோசிக்கவில்லை.

ஜூலை 26, வெள்ளி

மரபணு முடிவு வந்தது. அவரேதான். டைரக்டர் சார் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக்கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு.

கோதை கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஆங்கிலத்தில் என் பெயர். "கள மாதிரிகளையும் தட்டுகளையும் நேர்த்தியாகக் கையாண்டதற்காக" நன்றியாம். இந்த ஆய்வகத்திலிருந்து போன அறுபது கட்டுரைகளுக்கு நான் அகார் காய்ச்சித் தட்டு ஊற்றியிருக்கிறேன். ஒன்றிலும் என் பெயர் வந்ததில்லை.

"'நேர்த்தியாக' வேண்டாமே," என்றேன்.

"ஏன் மாமா?"

"கண்ணு பட்டுரும்."

மைசூர்பாகு இரண்டையும் காத்தமுத்துவிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 29, திங்கள்

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். காலையிலிருந்து ஒத்திகை. அலங்காரம் இல்லாமல் மூன்று வாக்கியம். பஸ்ஸில் வரும்போது சரியாக வந்தது. பாத்திரம் கழுவும்போதும் சரியாக வந்தது.

"கோதை, ஒரு விசயம் சொல்லணும்."

"சொல்லுங்க மாமா." அட்டவணை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்குக் கயித்துக்கிட்ட ஒரு குதிர வந்துச்சு." இதுவரை சரி. அவள் கை நின்றது, நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் தன் வழியில் போய்விட்டது. "குதிரன்னா சாதாரணக் குதிரையா? பத்தடி உசரம். வாலால புல்வெளியப் பெருக்கிக்கிட்டே வருது. வந்து எனக்கு வணக்கம் சொல்லிட்டுத்தான் நக்குச்சு."

முகம் தளர்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு மாதத்தில் நான் பார்க்காத சிரிப்பு. "ஒரு நிமிசம் பயமுறுத்திட்டீங்க. என்ன சொல்லி வணக்கம் வச்சுது? சிவக்கொழுந்து சார்னா?"

"சார் போடல. மூடியெல்லாம் மாறிப்போச்சுன்னு சொல்லுச்சு."

"எந்த மூடி?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரித்துத்தான்.

"கொசு தூக்கிட்டுப் போன டீ டம்ளர் மூடி," என்றேன்.

"நீங்க மட்டும் இல்லன்னா இந்த ரெண்டு மாசத்துல நான் பைத்தியமாயிருப்பேன் மாமா," என்று சொல்லிவிட்டு அட்டவணைக்குத் திரும்பினாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

சின்னத்துரையைக் குடிமாற்றினேன். அடியில்தான் எழுதினேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்னொரு தடவை முயன்றேன். "கோதை, நிஜமாவே அது..." என்று தொடங்கினதுமே சிரித்துவிட்டாள். "மறுபடி குதிரையா? இன்னிக்கு என்ன சொல்லுச்சு?" பக்கத்தில் நின்ற டைரக்டர் சாரும் சிரித்தார். இருபத்தேழு வருடமாக நான் ஊட்டி வளர்த்த சிரிப்பு. இப்போது அதற்கு முன்னால் நான் என்ன செய்ய?

பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய பதில் தயார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பப்போகிறாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கோதை,

ஆய்வகத்தில் யாரும் இல்லை. சாவி என்னிடம் இருப்பதால் வந்தேன். இந்த நோட்டை உன் கணினியின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். வாயால் சொன்னால் வேறு ஏதாவது ஆகிவிடுகிறது என்பதை நீயே பார்த்தாய்.

பேனா எடுத்து அடித்துக்கொண்டே படி. கொசு தூக்கின தொப்பி பொய். காத்தமுத்து அதை டீக்கடையில் மறந்து வைத்தான். யாழ்ப்பாணம் போன மான் பொய். திமிங்கலம், தோப்பு, வானொலி பொய். அன்று கடலில் ஒரு படகுகூட இல்லை. பத்தடிக் குதிரை, வணக்கம், மேகத்தில் இடித்த கொம்பு, எல்லாவற்றையும் அடித்துவிடு. 'வெயில்', 'காற்று' என்று நான் எழுதியிருக்கும் இடங்களையும் அடித்துவிடு. அன்று காற்று அவ்வளவாக இல்லை.

சின்னத்துரைக்கு நீ வைத்த பெயரை நாளை பத்து மணிவரை மாற்றலாம் என்று நினைக்கிறேன். மாற்றினால் உன் படிப்பு என்ன ஆகும், பணம் எப்படி வரும், பத்திரிகைக்காரர்கள் என்ன சொல்வார்கள், எனக்குத் தெரியவில்லை. அதற்கு என்னிடம் கதை எதுவும் இல்லை. டைரக்டர் சாரிடம் நானே வந்து சொல்கிறேன், நீ கூட நின்றால் எனக்கு வாய் ஒழுங்காக வரும். நிற்காவிட்டாலும் சரி. நன்றியில் என் பெயரை எடுத்துவிடு.

நீ அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அது மட்டும் நடந்தது. மூடியில் எழுதினேன், டிரே திரும்பிவிட்டது. ஜூலை 11ஆம் தேதி அந்தக் காது கிழிந்த பெட்டைக்குதிரை வந்து கயிற்றை நக்கியது. கழி என் கையில் இருந்தது. நான் கடலைப் பார்க்கவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.